வாயைத் திறந்தவனும் திறக்காதவனும்

அன்புள்ள கிஷோர்,

"நாளைக்கு நான் கோர்ட்டில போய்ப் பறையட்டுமா அம்மா, வேண்டாமா?" என்று உன் மலையாளம் கலந்த தமிழில் இன்று காலை போனில் கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொல்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன், மதியம் வரை யோசித்தேன், இப்போதும் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தது மாதிரி சொல்லி உன்னை அனுப்பவோ நிறுத்தவோ எனக்கு மனம் வரவில்லை. அதனால் பதிலுக்குப் பதிலாக இந்தக் கடிதம். மலையாளத்தில் எழுதியிருந்தால் வேகமாகப் படித்துவிடுவாய் என்று தெரியும். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. ஞாயிற்றுக்கிழமைதானே, உனக்கு இன்று ஷிஃப்டும் இல்லை.

நான் புரிந்துகொண்டது சரிதானா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். சிட்னியிலிருந்து ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய அந்த ஊரில், நீ நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் ஜேடனும் வேலை பார்க்கிறான். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு எக்ஸ்ரேக்கும் ஆபரேஷனுக்கும் கூட்டிப் போகிற வேலை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளில் ஒருவன். நீ போய் இறங்கிய முதல் மாதத்தில் உனக்கு வாடகை அறை பிடித்துக் கொடுத்தவன், சனிக்கிழமை கிரிக்கெட்டில் உன்னைச் சேர்த்துக்கொண்டவன். போன மாதம் ஆட்டம் முடிந்து அவன் காரில் வரும்போது, பின்விளக்கு சரியில்லை என்று போலீஸ் நிறுத்தியது. அவன் பாக்கெட்டில் கொஞ்சம் கஞ்சா. உன் பாக்கெட்டிலும் கொஞ்சம். ஒரே பொட்டலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தீர்கள். நீ ஒப்புக்கொண்டாய், உனக்கு ஒரு எச்சரிக்கைத் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவன் பெயரும் விலாசமும் சொன்னான், வேறு எதுவும் சொல்லவில்லை. அவன் மேல் வழக்கு. நாளை விசாரணை. மறுபடி ஒரு தண்டனை பதிவானால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அவனுடைய வக்கீல், நீ வந்து உனக்கு நடந்ததைச் சொன்னால் உதவக்கூடும் என்கிறார். உதவும் என்று உறுதியாகச் சொல்லவில்லை. நீ பேசினால் உன் எச்சரிக்கை, இதுவரை யாருக்கும் தெரியாத அந்தத் தாள், நாலு பேர் முன்னால் வரும். உன் விசாவுக்கும் நர்ஸ் பதிவுக்கும் அதனால் என்ன ஆகும் என்பதையும் அவர் உறுதியாகச் சொல்லவில்லை.

போன மாதம் நீ இதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதை மறைக்க மாட்டேன். கஞ்சா பிடித்தாய் என்பதற்குக் கோபம். என் மகன் அதெல்லாம் செய்யமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்த என் மேலும் கோபம். அது வெறும் இலைதானே என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நம் தெருவிலேயே படிப்பை விட்டுவிட்டு மதியம் வரை தூங்கும் பையன்களைப் பார்க்கிறேன். அவர்கள் அம்மாக்களையும் பார்க்கிறேன். ஆனால் இலை செய்கிற கெடுதல் வேறு, இலைக்காகச் சட்டம் செய்கிற கெடுதல் வேறு. உங்கள் இரண்டு பேர் உடம்பிலும் இலை செய்தது ஒன்றுதான். சட்டம் செய்தது ஒன்றாக இல்லை. என் கோபம் ஆற ஒரு வாரம் ஆயிற்று. ஆறிய பிறகு மிச்சமிருந்தது இந்த வித்தியாசம் மட்டும்தான்.

ஜேடன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? கொஞ்சம் எரிச்சலோடுதான் கேட்டேன். ஒப்புக்கொண்டிருந்தால் அவனுக்கும் தாளோடு போயிருக்குமே, எதற்கு இந்தப் பிடிவாதம் என்று. நீ போனை அவனிடமே கொடுத்துவிட்டாய். அவன் முகத்தை நான் பார்த்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் ஆரம்பித்தான். "ஆன்ட்டி, உங்க பையன் அந்தப் போலீஸ்காரனை எத்தனை தடவை சார், சார்னு கூப்பிட்டான் தெரியுமா? கடைசியில அந்த ஆளே நெளிஞ்சான். எங்க ஊர்ல மேஜிஸ்ட்ரேட்டைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையா கூப்பிட்டதில்ல." பின்னால் நீ "போதும்டா" என்றது எனக்குக் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவன் சொன்னதில் சிரிப்பு எதுவும் இல்லை. போலீஸ் நிறுத்தினால் பெயர், விலாசம், அதோடு சரி, வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்பது அவன் அம்மா அவனுக்கு நடக்கத் தெரிந்த வயதிலிருந்து சொல்லி வளர்த்தது. அந்த அம்மாவுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருடைய தம்பி ஒருவர் இளவயதில் ஒன்றும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் போலீஸிடம் பேசினார், பேசியது ஒன்று, எழுதப்பட்டது இன்னொன்று, உள்ளே போனார். திரும்பி வந்தபோது யாரோடும் பேசாத ஆளாக வந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் இதுதான் விதி. ஜேடன் பதினெட்டு வயதில் முதல்முறை மாட்டியபோதும் விதிப்படி வாயை மூடிக்கொண்டான். அந்த ஊர்ச் சட்டப்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டவனுக்குத்தான் எச்சரிக்கை. ஒப்புக்கொள்ளாதவனுக்குக் கோர்ட். கோர்ட்டில் அபராதம், அபராதத்தோடு ஒரு தண்டனைப் பதிவு. பழைய பதிவு இருப்பவனுக்கு அடுத்த தடவை எச்சரிக்கை கிடையாது. ஆக, இந்தத் தடவை அவன் வாயைத் திறந்திருந்தாலும் பயனில்லை. சட்டப் புத்தகத்தில் எந்த இடத்திலும் ஆதிக்குடி என்ற சொல் இல்லை என்று நீ சொன்னாய். நானும் தேடிப் பார்த்தேன், இல்லை. தேவையும் இல்லை போலிருக்கிறது.

சரி, நீ ஏன் வாயைத் திறந்தாய்? நான் சொல்லிக் கொடுத்ததால். எப்போது சொன்னேன் என்பது உனக்கு மறந்திருக்கலாம். நீ களமசேரியில் படித்துக்கொண்டிருந்த காலம். ஒரு விடுமுறை நாளில் நீயும் முருகேசனும் வைப்பின் தீவுக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு மாலைப் படகில் திரும்பினீர்கள். முருகேசன், தர்மபுரிப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்து நம் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தவரின் மகன். படகுத்துறையில் போலீஸ்காரர்கள் கஞ்சா தேடிக்கொண்டிருந்தார்கள். உன்னிடம் வீடு எங்கே என்று கேட்டார்கள். "மட்டாஞ்சேரியா சாரே" என்று மலையாளத்தில் சொன்னாய். போ என்று கையைக் காட்டினார்கள். முருகேசன் வாயைத் திறந்து, "சார், நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வர்றோம்" என்று தமிழில் சொன்னான். அவ்வளவுதான். "பாண்டியாணோ?", தமிழனா என்று ஒருவர் இளக்காரமாகக் கேட்க, அவன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஈரத் துண்டும் ஒரு சீப்பும் விழுந்தன. அப்படியும் அவனை விடவில்லை. உன் அப்பா ஸ்டேஷனுக்குப் போய் நின்று அழைத்து வரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

நம் வீட்டில் பேசுவதும் தமிழ்தான் கிஷோர். உன் தாத்தாவுக்குத் தாத்தா பாலக்காட்டில் பேசியதும் அதுதான். ஆனால் நம்முடைய தமிழ் படகுத்துறையில் மலையாளமாக மாறிக்கொள்ளத் தெரிந்த தமிழ். முருகேசனுடையதற்கு அது தெரியாது. அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே உன்னிடம் சொன்னேன்: "இனிமே யாராவது நிறுத்தினா மலையாளத்துல பேசு. சாரேன்னு கூப்பிடு. கேக்கறதுக்கு உள்ளதை உள்ளபடி பறஞ்சுடு. ஒண்ணும் ஆகாது." நீ தலையாட்டினாய். "முருகேசன் என்ன பறையணும் அம்மா?" என்று கேட்டாய். நான் ரசம் வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த அறிவுரை தவறென்று இன்றும் நான் நினைக்கவில்லை. உன்னைக் காப்பாற்றியிருக்கிறது, போன மாதம்கூட. ஆனால் அது உள்ளதைச் சொன்னால் நம்புகிற ஆள்களிடம் மட்டும் செல்லுபடியாகும் அறிவுரை. ஜேடனின் அம்மாவும் தன் மகனைக் காப்பாற்றத்தான் சொன்னார். நான் சொன்னதற்கு என்னிடம் காரணம் இருந்தது. அவர் சொன்னதற்கு அவரிடம் என்னைவிடப் பெரிய காரணம் இருந்தது. இரண்டு பிள்ளைகளும் அம்மா சொன்னபடி கேட்டார்கள். ஒருவன் தாளோடு வீட்டுக்கு வந்தான், இன்னொருவன் கோர்ட்டுக்குப் போகிறான். 

எதையும் எளிதில் ஒப்பிடுகிறவள் அல்ல நான். முருகேசனுக்கு ஒரு மாலை நேரம் போயிற்று. அந்த மக்களுக்கு மண் போயிருக்கிறது, பிள்ளைகளை அரசாங்கமே பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு உரிமையில்லை. இருந்தாலும் எனக்குத் தெரிந்த ஒரே வேலை மூலம்தான் எதையும் புரிந்துகொள்ள முடிகிறது. மிளகைச் சோதிக்கும் எங்கள் பரிசோதனைக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் கிடங்குக்கு அனுப்பிச் சோதனைக்கு மாதிரி எடுத்து வரச் சொன்னால், மூட்டைக்குள் குத்தி மிளகு எடுக்கிற குத்தூசி தானாகவே கிழிந்த, அழுக்கான மூட்டைப் பக்கம் போகும். மலையிலிருந்து வரும் சின்ன விவசாயிகளின் மூட்டை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், பழைய சாக்கு. குத்திப் பார்த்தால் கொஞ்சம் தூசு இருக்கும். எழுதுவோம். அடுத்த தடவை, இங்கேதானே தூசு இருந்தது என்று அதையே இன்னும் நாலு இடத்தில் குத்துவோம். இன்னும் தூசு. பளபளவென்று தைத்த மூட்டைக்குள் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது, குத்தவே இல்லையே. அதனால்தான் எந்த மூட்டையைக் குத்துவது என்பதைக் கிடங்குக்குள் நுழைவதற்கு முன்பே சீட்டுப் போட்டு எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் முறை. கண்ணை நம்பாதே என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம். ஜேடனின் கார் எத்தனை தடவை நிறுத்தப்பட்டிருக்கிறது, உங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவரின் மகனுடைய கார் எத்தனை தடவை என்று நீ சொன்னபோது எனக்குப் புதிதாக எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உன் அப்பாவின் கருத்து என்ன என்று நீ கேட்கவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் நீ பேசியதை ஸ்பீக்கரில் அவரும் கேட்டார். சாயாவைக் குடிக்காமல் ஆறவிட்டார். "அவன் போகண்டாம்" என்றார். "அந்தப் பையனுக்கு அங்க சொந்தம், பந்தம், வக்கீல் எல்லாம் உண்டு. இவனுக்கு விசா போனா யார் உண்டு?" ஆறிய சாயாவை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அன்னைக்கு ஸ்டேஷனுக்கு என்னைப் போகச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "எனக்கும் அன்னைக்குப் பயம்தான்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வாங்க முடியவில்லை. அவர் மனதை மாற்றிக்கொண்டார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இதைச் சொன்னார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

போ என்று நான் சொல்லமாட்டேன். உன் விசாவைப் பந்தயம் வைக்க எனக்கு உரிமையில்லை. போகாதே என்றும் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் நீ கேட்டுவிடுவாய் என்ற பயம் எனக்கு. இன்றைக்கு ராத்திரி அவனோடு ஒன்றாக உட்கார்ந்து சோறு தின்று, நாளைக்கு நீ மட்டும் வேலைக்குப் போக உன்னால் முடியுமா என்பது உனக்குத்தான் தெரியும். முடியும் என்றால் அதிலும் வெட்கப்பட எதுவும் இல்லை, உன் பயம் நியாயமான பயம். ஒருவேளை நீ போவதாக இருந்தால் சில விஷயங்கள் சொல்கிறேன். ஜேடனுக்காகப் பேசாதே. அவனுக்காகப் பேச அவனுடைய வக்கீல் இருக்கிறார். தனக்காகப் பேச அவனுக்கும் தெரியும். அவன் நல்லவன், உழைப்பாளி என்றெல்லாம் நீ சான்றிதழ் கொடுக்கப் போகாதே. நல்லவனாக இருந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் நம்மில் பாதிப் பேர் தேறமாட்டோம். உன் பாக்கெட்டில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது, என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், உன்னை எப்படி அனுப்பினார்கள், அதை மட்டும் சொல். எங்கள் கூடத்தில் நாங்கள் தீர்ப்பு எழுதுவதில்லை, அளவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். தீர்ப்பு அளவுக்குள்ளேயே இருக்கும், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொள். சாப்பிட்டுவிட்டுப் போ. சார் என்று ஒரு தடவை சொன்னால் போதும்.

இனிமேல் அதைத் தொடாதே என்றும் எழுதத்தான் நினைத்தேன். எழுதிவிட்டேன், பார்.

அம்மா

*

இதை மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீயும் ஜேடனும் அவன் அம்மாவும் சொன்னதால், பெயர்களை மாற்றி, மறுநாள் நடந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ போனாய். காலையில் தொடங்க வேண்டிய வழக்கு உங்கள் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் நான் வேலைக்கு வந்திருந்தேன். அன்று என்னிடம் வந்த மாதிரிகளை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ சொன்னதை மேஜிஸ்ட்ரேட் அம்மாள் குறுக்கிடாமல் கேட்டிருக்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: யாருடைய பாக்கெட்டை முதலில் பார்த்தார்கள்? அவனுடையதை, என்றாய். உன்னுடையதை எப்போது பார்த்தார்கள்? பார்க்கவில்லை, நானாகத்தான் எடுத்துக் கொடுத்தேன், என்றாய். அரசுத் தரப்பு வக்கீல் எதுவும் கேட்கவில்லை. குற்றம் நடந்தது உண்மை, ஆனால் தண்டனையாகப் பதிவு செய்யவில்லை என்று மேஜிஸ்ட்ரேட் சொல்லிவிட்டார். சில மாதங்களுக்கு வேறு வழக்கு எதிலும் மாட்டக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அந்தக் காரை இனிமேல் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று எந்த உத்தரவும் இல்லை. உன் விசாவைப் பற்றி இன்றுவரை ஒன்றும் தெரியாது; உன் அப்பா அதைப் பற்றி தினமும் ஒரு தடவை கேட்கிறார்.

வெளியே வந்ததும் ஜேடனின் அம்மா உன் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாராம்.  தீர்ப்பின் நகலை மேலாளரிடம் கொடுத்தபோது அவர் படித்துப் பார்த்துவிட்டு, மாலை ஷிஃப்டுக்கு ஆள் குறைவு, இரண்டு பேரும் வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். எனக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் செய்தி வந்தது, மலையாள எழுத்தில் தமிழ்: "அம்மா, வார்டில இருக்கேன். ஜேடன் ஒரு வயசான ஆளை எக்ஸ்ரேக்கு தள்ளிட்டுப் போறான். அவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டுட்டே இருக்கார். அப்புறம் கூப்பிடறேன்."

அன்றைக்கு அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் தூங்கிப்போயிருப்பாய்.